ஆடையின்மையும் அவாவின்மையும்

எம்பாற் சித்தாந்த நூல் கேட்கும் மாணாக்கர் இருவரிடையே அண்மையில் ஒரு சொல்வழக்கு நிகழ்ந்தது. ஒருவர் 2025ஆம் ஆண்டிற் பிரயாகையில் நிகழ்ந்த மகாகும்பமேளாவிற்குச் சென்று, உடையின்றி நீறு பூசிய மேனியராய் நீராடச் சென்ற நாக சந்நியாசிகளை வணங்கி மீண்டவர். மற்றவர் ஜெர்மனி தேசத்திற் சில ஆண்டு தொழிற்கல்வி பயின்றவர். அந்நாட்டு ஏரிக்கரை ஒன்றில் முதியோரும் இளையோரும் குடும்பம் குடும்பமாக ஆடையின்றி வெயில் காய்ந்திருந்ததைத் தற்செயலாகக் கண்டு திகைத்தவர். முன்னவர், “நீர் கண்டது காமம்; யான் கண்டது துறவு” என்றார். பின்னவர், “யான் அங்குக் காமத்தைக் கண்டிலேன். நீர் துறவைக் கண்டீர் என்பதற்கு உடையின்மையன்றி வேறு சான்று உளதோ?” என்றார். இருவரும் எம்மிடம் வந்தனர். வினா எளிதன்று. உடையின்மை ஒன்றே, அதனை ஒருசாரார் தொழுகின்றனர், ஒருசாரார் நகுகின்றனர், ஒருசாரார் தண்டிக்கின்றனர், ஒருசாரார் உடல்நலத்திற்கு மருந்தென்கின்றனர். இவ்வேறுபாடு எதனான் வந்தது, இதன்கட் சைவசித்தாந்திகள் கொள்ளத்தக்க நிலை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண், நம்மவருட் பலர் கைக்கொண்டிருக்கும் எளிய விடை ஒன்றனை விலக்குதல் வேண்டும். ஆடையின்றித் திரிதல் சமணர் செயல். நம் சமயாசாரியர் அதனை இகழ்ந்தனர். ஆகலின் அது விலக்கப்பட்டது என்பர் அவர். திருநாவுக்கரசு சுவாமிகள் தருமசேனர் என்னும் பெயரோடு சமண் பாழியில் இருந்த காலத்து, மகளிர் நகைப்பிற்கும் நாணாது உழன்றமையைப் பின்னர் நினைந்து இரங்கிப் பாடியிருத்தல் உண்மையே. ஆயின் அவ்விரக்கத்தின் பொருளை உற்று நோக்குக. சுவாமிகள் இரங்கியது இறைவனை மறந்து கழிந்த நாட்களுக்கு. உடையின்மை அந்நாட்களின் அடையாளமாக அவர்தம் நினைவில் எழுந்தது. அடையாளத்தையே குற்றமெனக் கொள்ளுதல் நூற்கருத்தன்று என்பது எமது துணிபு. சிவஞானசித்தியார் பரபக்கத்திலும் நிகண்டவாதியும் ஆசீவகனும் தனித்தனியே எடுத்து ஆராயப்படுகின்றனர். அங்கு விரிவாக மறுக்கப்படுவன அவர் கொண்ட பொருட்கொள்கைகளேயாம்.

அன்றியும் உடையின்மையே குற்றமெனின், தாருகாவனத்திற் பலிதேர்ந்து சென்ற பெருமானை என் சொல்வது? தஞ்சைக் கலைக்கூடத்தில் இன்றுங் காணத்தகும் திருவெண்காட்டுப் பிட்சாடன மூர்த்தி 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்துத் திருமேனி. அரையில் அரவமன்றி வேறு உடையில்லாத அவ்வடிவை வார்த்த கம்மியரும், அதனை எழுந்தருளச் செய்து வீதியில் வழிபட்ட மாந்தரும் அதன்கண் நாணத்தக்கது ஒன்றுங் கண்டிலர். கந்தபுராணங் கூறும் அவ்வரலாற்றில் வெகுண்டெழுந்தவர் வனத்து முனிவர். அவர், கன்மமே பயன்தரும், பயன்தருதற்கு ஒரு முதல்வன் வேண்டா என்னுஞ் செருக்குடையவர். அவ்வனத்தில் ஆடை உடுத்திருந்தோரும் அவரே. மலத்தான் மூடப்பட்டிருந்தோரும் அவரே.

இனி, பிறர் கொள்கையை அவர் கூறுமாறே நிறுத்திப் பின்னர் ஆராய்தல் பரபக்க முறையாகலின், சமணர் கூறுவதைக் கேட்போம். திகம்பர முனிவர்க்கு விதிக்கப்பட்ட 28 அடிப்படைக் குணங்களுள் ஆடையின்மை ஒன்று. காரணம் உடலின் சிறப்பன்று, உடைமையின் இழிவு. ஓர் அரைத்துணி உளதாயின் அதனை வெளுத்தல் வேண்டும், காத்தல் வேண்டும், கிழிந்தால் மற்றொன்று இரத்தல் வேண்டும். இவ்வாறு பற்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கும் என்பர். சிற்றுயிர்களை ஒதுக்கும் மயிற்பீலியும் நீர் கொள்ளுங் கமண்டலமும் அவர் கையில் உண்டு. உணவை நாளுக்கு ஒருமுறை நின்றபடியே கையில் ஏற்று உண்பர். இக்கொள்கை எளிதில் நகைத்துத் தள்ளத்தக்கதன்று.

ஆயின் சமணத்துள்ளேயே இதுபற்றி உடன்பாடில்லை. மகாவீரர் துறவின்பின் 13 மாதம் ஓர் ஆடை தரித்திருந்து பின்னரே நீத்தார் என்பது சுவேதாம்பரர் கூற்று. அவர்தம் துறவிகள் வெள்ளாடை உடுப்பர். இவ்வழக்கு ஆடையளவில் நில்லாது பெண்டிர் வீடுபேற்றில் முடிந்தது. ஆடையின்றி வீடில்லை எனவும், பெண்டிர் ஆடை நீத்தல் ஆகாது எனவும் கொண்ட திகம்பரர், பெண் பிறவியிலிருந்து நேரே வீடு எய்துதல் இல்லை என்று முடித்தனர். சுவேதாம்பரர் அதனை மறுத்தனர். ஒரு முழத் துணியைப் பற்றிய விதி, ஓருயிரின் முத்தியைத் தடுக்கும் மதிலாக வளர்ந்தது காண்க. ஆன்மாவிற்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை இல்லை, அவை மாயாகாரியமாகிய உடற்கே உரியன என்னுஞ் சித்தாந்தத்தார்க்கு இவ்விடத்து எவ்வழி செல்லுதல் முறை என்பது சொல்லவேண்டா.

அரைத்துணியைப் பற்றின் வித்தென்னும் அவ்வுரையைக் கேட்குந்தோறும் எமக்கு அமர்நீதி நாயனார் வரலாறு நினைவிற்கு வரும். அடியார்க்குக் கோவணம் அளித்தலைத் தொண்டாகக் கொண்டிருந்த அவரிடம் இறைவன் பிரமசாரியாய் வந்து வைத்த கோவணம் காணாமற் போயிற்று. அதற்கு ஈடாகத் துலைத்தட்டில் நாயனார் இட்ட துணிகளும் பொன்னும் பொருளும் ஒத்து நின்றில. மனைவியாரும் மைந்தரும் தாமும் தட்டில் ஏறிய பின்னரே துலை நேர்நின்றது. சமண முனிவர் துணியின் கனத்தை அறிந்தார். அதனை எறிந்தாற் கனம் தீருமென்றார். நம் புராணமோ, எறியப்படவேண்டியது தட்டின்மேல் ஏறாது கீழே நின்ற ‘யான்’ என்பதைக் காட்டுகின்றது.

19ஆம் நூற்றாண்டில் மிக அருகிப் போயிருந்த திகம்பர முனிவர் மரபு, 1920இல் துறவேற்று 1955இல் வடக்கிருந்து உயிர்நீத்த சாந்திசாகரரால் மீண்டுந் தழைத்தது. 2016இல் அரியானா மாநிலச் சட்டமன்றத்தில் திகம்பர முனிவர் தருண்சாகர் உடையின்றி வீற்றிருந்து உரையாற்றினார். அவரை எள்ளினோர்க்கு எதிராகப் பெருஞ்சினம் மூண்டது; எள்ளினோருள் மன்னிப்புக் கேட்டோரும் உளர். அதே தேசத்தில், 2020இல், கோவாக் கடற்கரையில் ஆடையின்றி ஓடிய நடிகர் ஒருவர்மேற் காவலர் வழக்குப் பதிந்தனர். முன்னவர் சட்டம் இயற்றும் மன்றில் இருந்தார். பின்னவர் காலைப்பொழுதில் மணலில் ஓடினார். உடலளவில் வேற்றுமை யாதும் இன்று. காண்போர் முன்னவரிடத்து ஒரு நெடிய மரபையும் அம்மரபு வேண்டும் நோன்பையும் உடன் கண்டனர்; பின்னவரிடத்து உடலை மாத்திரமே கண்டனர். சமுதாயம் உடையின்மையை ஒருபோதுந் தனியே காண்பதில்லை. அதனோடு வருவது யாதென நோக்கியே தொழவும் இகழவும் முற்படுகின்றது.

ஜெர்மனியிற் பயின்ற மாணாக்கர் கண்டது இவ்விரண்டும் அன்று. அது மேனாட்டில் ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டு வரலாறுடைய ஒரு வாழ்க்கைக் கொள்கை. இதன்கண் ஒரு வியப்பு உண்டு. இக்கொள்கைக்கென ஒரு சங்கம் முதன்முதல் தோன்றியதாக அறியப்படுவது ஐரோப்பாவிலன்று, நம் தேசத்தில். 1891இல் பம்பாயையடுத்த தாணாவில் மாவட்ட நீதிபதியாய் இருந்த சார்லஸ் கிராபோர்டு என்னும் ஆங்கிலேயர், உடல்நலம், ஒழுக்கம், அழகு என்னும் மூவகைக் காரணங்காட்டி ஆடையிலார் சங்கம் ஒன்று கண்டார். உறுப்பினர் அவரையுஞ் சேர்த்து மூவர். மாத்தேரான் மலையிலும் துளசி ஏரிக்கரையிலும் கூடினர். மறு ஆண்டு நீதிபதியார் இரத்தினகிரிக்கு மாற்றப்பட்டார், சங்கமும் முடிந்தது. எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில அறிஞருக்கு அவர் வரைந்த கடிதங்கள் இல்லையேல் இச்செய்தியும் அழிந்திருக்கும்.

ஜெர்மனியில் இக்கொள்கை வேரூன்றியதற்குக் காரணம் வேறு. தொழிற்சாலைகள் பெருகி, புகையும் இருளும் நெருக்கமும் மிக்க நகரங்களில் என்புருக்கி நோய் மக்களை வாட்டிய காலம் அது. ஞாயிற்றொளியும் காற்றும் உடலிற் படுதலே மருந்தென்னும் இயக்கம் ஒன்று எழுந்தது. புலால் உண்ணாமை, மதுவிலக்கு என்பனவும் அதனோடு சேர்ந்தன. 1903இல் லூபெக் நகரின் அணித்தே இதற்கென ஒரு வெளி அமைக்கப்பட்டது. ‘விடுதலையுற்ற உடலின் பண்பாடு’ எனப் பொருள்படும் பெயரால் அந்நாட்டார் இதனை வழங்குவர். பெர்லின் நகரில் அடால்ப் கோக் என்னும் ஆசிரியர் உழைப்பாளர் குடும்பத்தார்க்கு ஆடையின்றி உடற்பயிற்சி கற்பித்தார். பட்டும் கந்தலும் நீங்கியவிடத்து முதலாளியும் கூலியாளும் ஒன்றே என்பது அவரைப் போன்றோர் கருத்து. அதே காலத்தில் ரிச்சர்ட் உங்கெவிட்டர் என்பார் இதே உடையின்மையை, தம் இனத்தின் தூய்மையைப் பேணுங் கருவி என்று எழுதினார். 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தவுடன் இவ்வியக்கத்தைத் தடை செய்தனர். பின்னர்த் தம் கொள்கைக்கு இசைந்த பகுதியை மாத்திரம் தழுவிக்கொண்டு, 1942இல் பிறர் காணாவிடத்து ஆடையின்றி நீராட இசைவும் அளித்தனர். போருக்குப்பின் கிழக்கு ஜெர்மனியிற் பொதுவுடைமை அரசும் முதலில் தடுத்தது, மக்கள் விட்டிலர், 1956இல் விதி தளர்ந்தது. நாளடைவில் பால்டிக் கடற்கரை எங்கும் இது குடும்ப வழக்கமாயிற்று. 1990இல் இருபகுதியும் ஒன்றானபோது, மேற்கிலிருந்து வந்தோர் அக்கரைகளைக் கண்டு முகஞ்சுளித்தனர். ஒரே மொழி பேசும் ஒரே இனத்தார் நாற்பது ஆண்டுப் பிரிவால் நாணத்தின் எல்லையில் வேறுபட்டமை கருதத்தக்கது. நாணம் இயற்கையன்று, பழக்கமே என்பார்க்கு இதனிற் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இக்கொள்கையினர்மேற் காமக்குற்றம் சாற்றுதல் நேர்மையன்று. அவர்தம் சங்கங்கள் தகாத நோக்கையும் தகாத செய்கையையும் விலக்கும் விதியுடையன. 1953இல் பிரான்சு தேசத்தின் மொந்தாலிவே என்னுமிடத்திற் கூடிய இவர்களது உலகச் சங்கம், பின்னர் 1974இல் தம் நெறிக்கு வகுத்த இலக்கணத்தில் தன்மதிப்பு, பிறர்மதிப்பு, இயற்கைமதிப்பு என்னும் மூன்றனையே பயனாகக் கூறிற்று. சிறிது நேரத்தில் உடையில்லை என்னும் நினைவே மறந்துபோம் என்றும் அவர் கூறுவர். எம் மாணாக்கரும் தாம் கண்டது அவ்வாறே என்றார். ஆகலின் ‘அது காமம்’ என்னும் முதல் மாணாக்கர் தீர்ப்பு நில்லாது.

சித்தாந்திகள் மாறுபடுவது பிறிதோரிடத்து. மனிதன் இயற்கையிற் குற்றமற்றவன். நகரமும் வழக்கமும் ஆடையும் இடையே வந்து மூடின. மூடியதை நீக்கின் முன்னிருந்த தூய்மை மீளும் என்பது இக்கொள்கையின் அடிநிலை. இதனைப் பின்னின்று இயக்குவது விவிலியங் கூறும் ஆதி மாந்தர் கதை. அவர் குற்றஞ் செய்த பின்னரே தம் உடையின்மையை உணர்ந்து இலையால் மறைத்தனர் என்பது அக்கதை. ஆகலின் உடையைக் களைவது இழந்த தோட்டத்திற்குத் திரும்பும் வழியாமென்று, ஆதாமியர் என்னும் பெயருடைய கிறித்தவப் பிரிவினர் பண்டே கருதினர்; 1421இல் பொகீமிய தேசத்தில் அப்பெயரினர் படையால் அழிக்கப்பட்டனர். இக்காலத்தார் கதையை விட்டனர். கதையின் வடிவை விட்டிலர்.

நம் நூல்கள் அத்தகைய தோட்டம் ஒன்றையும் அறியா. ஆணவமலம் செம்பிற் களிம்புபோல உயிரோடு அனாதியே உள்ளது. உயிர் மலமின்றி இருந்த காலமும் இல்லை, பின்னொரு நாளில் மலம் வந்து பற்றியதும் இல்லை. முன்னில்லாத தூய்மைக்கு மீளுதல் எங்ஙனம்? ஒன்றைக் கழற்றுவதால் வெளிப்படத்தக்க தூய உயிர் உள்ளே ஒளிந்திருப்பின், உடையோடு நில்லாது உடலையுங் கழற்றினார் எல்லாரும் முத்தராதல் வேண்டும். இறப்பாற் பிறவி தீராமையின் அது பொருந்தாது.

சித்தியார் இரண்டாஞ் சூத்திரத்தில் ஆசிரியர் காட்டும் ஆடை உவமை இவ்விடத்திற்கே அமைந்தாற்போன்றது. உடல் கரணம் முதலியவும் மலமேயாயின் மலத்தை மலத்தாற் கழுவுதல் எவ்வாறு என்னும் வினாவிற்கு, அழுக்கேறிய அறுவையைச் சாணியும் உவரும் இட்டு வெளுப்பான் செயலை அவர் விடையாகக் காட்டினர். அங்கே அறுவை உயிர், அழுக்கு ஆணவம், சாணியும் உவரும் மாயையின் காரியமாகிய தனு கரணங்கள். வெளுப்பவன் இறைவன். இவ்வுவமையில் அறுவை களையப்படுவதன்று, வெளுக்கப்படுவது. உடல் என்னும் உவரை வெறுத்து ஒறுப்பதும் பயனில் செயல். அதுவே தூயதென்று கொண்டாடுவதும் பயனில் செயல். முன்னதை ஒருசார்ச் சமணரும் பின்னதை மேனாட்டு இயற்கைவாழ்வினரும் செய்கின்றனர்.

ஆடை நீங்கின் ஏற்றத்தாழ்வு நீங்குமென்னும் கோக் ஆசிரியர் கருத்தில் அன்பு உண்டு. அதனை யாம் மதிக்கின்றோம். ஆயினும் உங்கெவிட்டரை நினைக. ஆடையில் இருந்த செருக்கு ஆடை நீங்கியவுடன் அழிந்ததோ? தோலின்மேற் குடியேறிற்று. பட்டின் நிறத்தைக் காட்டிப் பெருமை கொண்டவன் உடலின் நிறத்தைக் காட்டிப் பெருமை கொண்டான். ஆணவம் உடையில் இல்லை என்பதற்கு இவ்வரலாற்றினும் தெளிவான எடுத்துக்காட்டை யாம் அறியேம்.

அற்றேல், நம் ஞானியருள்ளும் அத்துவிதியருள்ளும் உடையின்றித் திரிந்தார் உளரன்றோ எனின், உளர். சித்தியார் எட்டாஞ் சூத்திரத்தில் ஞானநிட்டை கைவந்தார் சிறுமகாரும் பித்தரும் பேய்பிடித்தாரும் போலத் தோன்றுவர் எனக் கூறப்பட்டது. காவிரிக் கரையில் நெரூரிற் சமாதி கொண்ட சதாசிவப் பிரமேந்திரர் உடையும் உணர்வுமின்றித் திரிந்தபோது வெகுண்ட ஒருவன் கையைத் துணிக்க, அதனையும் அறியாது நடந்தார் என்பது வழிவழிச் செய்தி. கை போனதை அறியாதார் துணி போனதை அறிந்திரார். சிறுமகார்க்கும் உடையில்லை என்னும் நினைவில்லை. உடை நழுவியது ஒருவகை, களைந்தது மற்றொருவகை, களைந்தேன் என்று நிற்றல் பின்னும் ஒருவகை.

இம்மூன்றாம் வகைக்குக் கிரேக்கர் நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.மு. 326ஐ ஒட்டி அலெக்சாந்தர் தட்சசீலத்தில் தங்கியபோது ஒனெசிக்கிரித்தன் என்பானை அங்கிருந்த ஆடையிலா முனிவரிடம் அனுப்பினான். கிரேக்கர்க்கு உடையின்மை புதிதன்று. அவர் உடற்பயிற்சி செய்தது உடையின்றியே. எனினும் வந்தவன் மேலாடையும் காலணியும் அணிந்திருந்தான். காலனன் என்னும் முனிவன், “ஆடையைக் களைந்து இக்கல்லின்மேற் கிடந்து கேட்பையேற் சொல்வேன்” என்றான். வந்தவன் தயங்கினான். அவ்வழி அம்முனிவருள் மூத்தவராகிய மந்தனிசர் காலனனைக் கடிந்து, செருக்கைப் பழித்துப் பேசியவன் தானே செருக்குற்றனை என்றார் என ஸ்திராபோ எழுதினார். வந்தவனை ஆடையோடிருத்தியே அவர் பேசினார். பின்னாளிற் காலனன் அரசனுடன் பாரசீகம் சென்றான். மந்தனிசர் செல்ல மறுத்தார். இருவரும் உடையிலாரே; துறவி ஒருவரே.

உடையின்மையும் உள்ளப் பக்குவமும் எவ்வாறு தொடர்புறும் என்பதை நன்கு தெளிவித்தது, 12ஆம் நூற்றாண்டிற் கன்னட நாட்டில் வாழ்ந்த வீரசைவச் செல்வியார் அக்கமகாதேவியார் வரலாறு. துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் இயற்றிய பிரபுலிங்கலீலையால் தமிழரும் அவரை அறிவர். உலகியலை முற்றத் துறந்து, கூந்தலே போர்வையாகக் கல்யாண நகர் புக்க அவரை அல்லமதேவர் அவையில் வினவினார்: ஆடையைத் துறந்தது உண்மையேல் மெய்யைக் கூந்தலான் மறைத்தது எற்றுக்கு? நாணம் எஞ்சியுளதன்றோ? இவ்வினா கொடிது, ஆயினும் முறையானது. கனி உள்ளே முதிராமுன் தோல் நிறம் மாறாது எனவும், மறைத்தது தம்பொருட்டன்று, காண்போர் உள்ளம் வருந்தாமைப் பொருட்டு எனவும் அம்மையார் விடை பகர்ந்ததாகச் சூனிய சம்பாதனை மரபு கூறும். மலபரிபாகம் என்று நாம் வழங்குவதை இக்கனி உவமையினும் தெளிவுற விளக்குதல் அரிது. தோலை உரித்தலாற் காய் கனியாது. காண்போர் பக்குவத்தையும் அம்மையார் கருதினார் என்பது பின்னும் உயர்ந்தது. தம் விடுதலையைப் பிறர் கண்ணிற் புழுதியாக எறிந்திலர்.

ஈண்டு, எம் மாணாக்கர் இருவரும் எண்ணாத ஒன்றனை எடுத்துரைத்தல் எமது கடன். உடையின்மை பற்றிய வழக்கில் இதுகாறும் பேசப்பட்டோர் யாவரும் தாமே விரும்பிக் களைந்தோர். விருப்பமின்றி உடை மறுக்கப்பட்டோர் உளர். தென் திருவிதாங்கூரில், இன்று கன்னியாகுமரி மாவட்டமாயுள்ள தமிழகப் பகுதியில், நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிதலை உயர்குலத்தார் எனப்பட்டோர் வன்முறையால் தடுத்தனர். அணிந்தார் ஆடை சந்தையிற் கிழிக்கப்பட்டது. 1829இல் அரசு அத்தடைக்கே துணைநின்றது. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 1859இற்றான், அதுவும் உயர்குலத்தார் போன்று உடுத்தலாகாது என்னும் வரையறையோடு, மார்பை மறைக்க இசைவு கிட்டிற்று. மார்பை மூடாமை பணிவு என்றனர் அந்நாளைப் பெரியோர். அதற்குச் சமயத்தையுஞ் சான்று காட்டினர். கன்னட நாட்டுச் சந்திரகுத்தியில் இரேணுகாம்பை கோயிலுக்கு, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்டிர், ஆற்றில் நீராடி ஆடையின்றி மலையேறிச் சென்று வழிபடும் வழக்கம் இருந்தது. 1986இல் அதனைத் தடுக்கச் சென்ற காவலரையும் சீர்திருத்தத்தாரையும் கூட்டத்தார் தாக்கி ஆடை உரிந்து ஊர்வலம் விட்டனர். அதன்பின் அரசு அவ்வழிபாட்டைத் தடை செய்தது. நேர்ந்துகொண்டது அவர் விருப்பம் அன்றோ என்பார் உளர். குலமும் வறுமையும் அச்சமும் சேர்ந்து செய்வித்த நேர்த்தியை அக்கமகாதேவியார் துறவோடு ஒருங்கு வைத்தல் எம்மால் இயலாது. களையும் உரிமை இருவர்க்கும் இருப்பதாகச் சொல்லலாம். களையாதிருக்கும் உரிமை சந்திரகுத்திப் பெண்டிர்க்கு இருந்ததோ என்பதே வினா. வழக்கத்தின் பழமை பாராட்டிப் பேசும் சைவ மேடைகளில் இவ்வினா எழுதல் அரிதாகவே இருக்கின்றது. அஃது எமக்கு வருத்தந் தருவது.

அரசியற் சட்டங்களைப் பற்றிச் சிறிது. பல தேசத்துச் சட்டங்கள் உடையின்மையைப் பெயர் சொல்லித் தடுப்பதில்லை. நம் நாட்டுச் சட்டம் பிறர் வெறுப்புற ஆபாசச் செயல் செய்தலையே குற்றமாக்கும். 2014இல் உச்சநீதிமன்றம், ஆபாசம் என்பதைச் சமுதாயத்தின் நிகழ்கால அளவுகோலால் அளத்தல் வேண்டுமென்றது. 2023இல் கேரள உயர்நீதிமன்றம், உடையின்மையும் ஆபாசமும் எஞ்ஞான்றும் ஒருபொருளன அல்ல என்றது. ஸ்பெயின் தேசச் சட்டம் உடையின்மையைக் குற்றமாகக் கொள்வதில்லை. எனினும் பார்சலோனா நகரத்தார் 2011இல் தெருவில் அதனை விலக்கினர். பிரித்தானியத் தீவின் தென்முனையிலிருந்து வடமுனைவரை ஆடையின்றி நடந்த ஒருவர் பலமுறை சிறைப்பட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் அவர் முறையீட்டை ஏற்றிலது. கடற்கரையில் இயல்பாவது கடைத்தெருவில் இடையூறாவதை எல்லா நாட்டாரும் உணர்ந்திருக்கின்றனர் என்பதன்மேல் இவற்றால் நாம் பெறுவது ஒன்றுமில்லை.

இவற்றைக் கேட்டபின் முதல் மாணாக்கர், “அங்ஙனமாயின் பிரயாகையில் யான் வணங்கியது தவறோ?” என்றார். தவறன்று என்றோம். சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தை அரனெனத் தொழ விதிக்கின்றது. வேடமாவது திருநீறும் கண்டிகையும் சடையும். உடையின்மை வேடமன்று, வேடம் இல்லாமை. அத்துறவியின் மேனியில் அவர் கண்டு தொழவேண்டியது நீறு. அந்நீறு நான்கு முழ வேட்டி உடுத்த குடும்பி நெற்றியில் இருப்பினும் வணக்கம் அதுவே. உள்ளே கனி முதிர்ந்ததோ இல்லையோ என ஆராய்தல் நம் அதிகாரம் அன்று, திருவருள் அறியும். மாணாக்கர் சிறிதுநேரம் பேசாதிருந்து, “அடியேன் நீற்றை நோக்கியதாக நினைவில்லை” என்றார். அவ்வுண்மை எமக்கு மகிழ்ச்சி அளித்தது.

மற்றவர் மீண்டும் ஜெர்மனி செல்ல இருக்கின்றார். அவ்வேரிக்கரை வழியே போக நேரின் என் செய்வது என்று வினவினார். நின் வேட்டியோடு போ, அவரை நகாதே, நின்று நோக்காதே என்றோம். அங்கு வேட்டி உடுப்பார் ஒருவரும் இல்லை, தம்மையே எல்லாரும் நின்று நோக்குவர் என்றார் அவர்.